கத்தி கொஞ்சம் காத்திருக்கட்டும்

1

அத்தைக்கு அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பச்சை நிற கவுன் போட்டு, தாலிக்கொடியைக் கழற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சர் வருவதற்காகக் காத்திருந்தார். வந்தது ஸ்ட்ரெச்சர் இல்லை, மயக்க மருந்து டாக்டர். கையில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். நாடியைப் பிடித்துப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?”

அத்தை முழித்தார். மூன்று வாரமாக நிறுத்திவிட்டாராம். “அதான் ஆபரேஷன் பண்ணி மொத்தமா எடுக்கப் போறாங்களே, இனிமே மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டேன் சார்.”

டாக்டர் திட்டவில்லை. ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளிவைத்துவிட்டுப் போனார். அத்தைக்குக் கோபம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி: “கழுத்துல இருக்கறத அறுத்து எடுக்கறதுக்கு ரத்தத்துல என்னத்தப் பாக்குறாங்க? கெட்டுப்போச்சுன்னுதானே எடுக்கறோம்? அது நல்லான பொறவுதான் எடுக்கணும்னா, எதுக்கு எடுக்கணும்?”

நல்ல கேள்வி. அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, மருத்துவ உலகமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஏறத்தாழ நூறு வருடம் அலைந்திருக்கிறது. அந்த அலைச்சலில் செத்தவர்கள் அநேகம். சாகாமல் வேறு மாதிரி அழிந்தவர்களும் உண்டு. இது அவர்களுடைய கதை.

2

தைராய்டு சின்ன உறுப்பு. மூச்சுக்குழாயின் முன்னால் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். எடை சுமார் 20 கிராம். ஆனால் அதற்கு வந்துபோகும் ரத்தத்தின் அளவு அதன் உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. பின்பக்கம் குரல் நாண்களை இயக்கும் நரம்புகள் ஓடுகின்றன. கூடவே உளுந்து அளவுக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். அவை போனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி, கைகால் இழுத்துக்கொள்ளும். அறுவை மருத்துவருக்கு உடம்பில் இதைவிட நெருக்கடியான இடம் அதிகம் கிடையாது.

அதனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. போனவர்கள் கெட்ட பெயர் வாங்கினார்கள். 1850இல் பிரெஞ்சு மருத்துவ அகாடமி இந்த அறுவை சிகிச்சையே கூடாது என்றது. 1866இல் அமெரிக்காவின் பெரிய அறுவை மருத்துவரான சாமுவேல் கிராஸ் இதைக் கசாப்பு வேலை என்கிற அளவுக்கு எழுதினார். அவர் மிகைப்படுத்தவில்லை. சூரிக்கில் இருந்த தியோடர் பில்ரோத், அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த கைகளில் ஒன்று. 1860களில் அவர் செய்த முதல் இருபது தைராய்டு அறுவைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் மரணம். மனம் வெறுத்துப் பல வருடங்கள் அதைத் தொடாமலே இருந்தார்.

ஆனால் சுவிட்சர்லாந்தில் தொடாமல் இருக்க முடியாது. ஆல்ப்ஸ் மலை மண்ணில் அயோடின் குறைவு. ஊர் ஊராக முன்கழுத்துக் கழலை. சிலருக்கு அது தேங்காய் அளவுக்கு வளர்ந்து மூச்சுக்குழாயை நெரிக்கும். அறுக்காவிட்டாலும் சாவு, அறுத்தாலும் சாவு.

1872இல் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் பேராசிரியர் ஆனபோது நிலைமை இதுதான். வயது 31. மனிதர் ஆர்ப்பாட்டம் இல்லாதவர், பக்திமான், பொறுமைசாலி. வேகமாக அறுப்பவரே கெட்டிக்காரர் என்று நம்பப்பட்ட காலம் அது. மயக்க மருந்து இல்லாத தலைமுறையின் பழக்கம், மயக்க மருந்து வந்த பிறகும் விடவில்லை. கோக்கர் மெதுவாக அறுத்தார். ஒவ்வொரு ரத்தக் குழாயையும் இடுக்கியால் பிடித்து, கட்டி, பிறகே வெட்டினார். கிருமி நீக்கத்தை வைதீகமாகக் கடைப்பிடித்தார். அவருடைய முதல் நூறு தைராய்டு அறுவைகளில் இறப்பு சுமார் 13 சதவீதம். நூற்றாண்டு முடிவதற்குள் அது 1 சதவீதத்தை நெருங்கியது. 1917இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 5000 தைராய்டு அறுவைகள் செய்து முடித்திருந்தார். இறப்பு அரை சதவீதம்.

இத்தோடு கதையை நிறுத்தினால் வெற்றிக் கதை. ஆனால் நடுவில் ஒரு சிறுமி இருக்கிறாள்.

3

1874 ஜனவரியில் கோக்கர் ஒரு 11 வயதுச் சிறுமிக்குத் தைராய்டை முழுவதுமாக எடுத்தார். சுத்தமான அறுவை. காயம் ஆறியது. பிள்ளை வீட்டுக்குப் போனாள். கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வெற்றி.

கொஞ்ச காலத்தில் அவளை அனுப்பிவைத்த ஊர் மருத்துவர் ஒரு செய்தி சொன்னார்: பிள்ளை முன்னே மாதிரி இல்லை, மந்தமாகிவிட்டாள், குணமே மாறிவிட்டது. அந்தச் செய்தி அப்போது தனிச் சம்பவமாகவே நின்றுபோனது. பழைய நோயாளிகள் எல்லோரையும் தேடிப் பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு கோக்கர் வருவதற்கு இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் பிடித்தன.

அதற்கும் ஒரு தூண்டுதல் தேவைப்பட்டது. 1882 செப்டம்பரில் ஜெனீவாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஷாக்-லூயி ரெவெர்தான் கோக்கரைச் சந்தித்தபோது, தைராய்டை முழுக்க எடுத்த தன் நோயாளிகளிடம் விநோதமான மாற்றங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். பெர்னுக்குத் திரும்பிய கோக்கர் பழைய நோயாளிகளுக்குக் கடிதம் போட்டார். முழுத் தைராய்டையும் இழந்தவர்களில் 18 பேரை அவரால் திரும்பப் பார்க்க முடிந்தது. 16 பேர் சீரழிந்திருந்தார்கள். முகம் உப்பி, தோல் தடித்து, முடி கொட்டி, பேச்சு இழுத்து, குளிரில் நடுங்கி, வேலை எதையும் செய்ய முடியாமல்.

அந்தச் சிறுமியும் இருந்தாள். இப்போது வயது இருபது. அவளுக்கு ஒரு தங்கை. அறுவைக்கு முன்னால் எடுத்த படத்தில் யார் அக்கா, யார் தங்கை என்று குழம்புகிற அளவுக்கு ஒரே ஜாடை. ஒன்பது வருடம் கழித்து எடுத்த படத்தில் தங்கை வளர்ந்த பெண்ணாக நிற்கிறாள். பக்கத்தில் அக்கா, வளர்ச்சி நின்று, வீங்கிய முகத்தோடு, குள்ளமாக. அந்த இரண்டு படங்களையும் ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

கோக்கர் செய்த பெரிய காரியம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 1883 ஏப்ரலில் பெர்லினில் ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் எழுந்து, என் வெற்றிகளில் இத்தனை பேர் இப்படி ஆகிவிட்டார்கள் என்று தானே சொன்னார். தைராய்டு இல்லாததால் வரும் அந்தச் சீரழிவுக்கு ஒரு பெயரும் வைத்தார். சாதாரணக் கழலைக்கு இனி முழுத் தைராய்டையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு அவர் சொன்ன காரணம் தவறு: மூச்சுக்குழாய் சுருங்கிப் போதுமான காற்று போகாததால் என்று நினைத்தார். லண்டனில் ஃபெலிக்ஸ் செமோன் சரியான ஊகத்தைச் சொன்னபோது முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு குழு அமைத்து விசாரித்து, 1888இல்தான் ஒப்புக்கொண்டார்கள். தைராய்டு ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அது இல்லாமல் மனிதன் மனிதனாக இருக்க முடியாது என்று.

இந்த இடத்தில் அமெரிக்கரான வில்லியம் ஹால்ஸ்டெட் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கோக்கரின் நோயாளிகளுக்கு முகம் உப்பி மந்தமானது. பில்ரோத்தின் நோயாளிகளுக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. ஒரே அறுவைதானே, ஏன் இந்த வித்தியாசம்? ஹால்ஸ்டெட்டின் விளக்கம் இருவரின் கைகளைப் பற்றியது. கோக்கர் ரத்தம் சிந்தாமல், சுத்தமாக, தைராய்டைத் துணுக்குகூட விடாமல் எடுத்தார்; பாராதைராய்டுகள் தப்பின. பில்ரோத் வேகக்காரர். தைராய்டில் கொஞ்சம் விட்டுவைப்பார், பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து எடுத்துவிடுவார். கோக்கரின் நேர்த்திதான் அவருடைய நோயாளிகளைக் கவிழ்த்தது.

4

குறையை நிரப்பும் வழி 1891இல் வந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டை அரைத்துச் சாறெடுத்து, தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் அவர் எழுந்து நடமாடினார். அடுத்த வருடமே, ஊசி வேண்டாம், வாயால் சாப்பிட்டாலே போதும் என்று தெரிந்தது. அந்தப் பெண் இன்னும் 28 வருடம் வாழ்ந்தார். அதற்கு 870 ஆடுகளின் தைராய்டு செலவானது என்று மர்ரே கணக்கு எழுதியிருக்கிறார்.

ஹார்மோன் குறைந்தவர்களைக் கத்திக்கு அனுப்புவது பற்றி அன்றைக்கு இருந்த பயம் நியாயமானது. அவர்களுடைய உடம்பில் எல்லாமே மெதுவாக நடக்கும். இதயம் மெதுவாகத் துடிக்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறினாலும் மூச்சு வேகம் கூடாது. மயக்க மருந்து உடம்பை விட்டுப் போக நேரமாகும். உடம்பு சில்லிட்டுப் போகும். மிக மோசமானவர்கள் அறுவைக்குப் பிறகு கண் திறக்காமலே போய்விடலாம்.

ஆனால் பயம் எல்லை தாண்டி வளர்ந்தது. ஹார்மோன் கொஞ்சம் குறைந்தாலே எந்த அறுவையும் கூடாது என்பது எழுதப்படாத விதி ஆகிவிட்டது. 1983-84இல் அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் பழைய நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டி அதைச் சோதித்தன. மிதமான குறைபாடு உள்ளவர்களுக்கு அவசியமான அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று தெரிந்தது. சில எச்சரிக்கைகளும் கிடைத்தன. மேசையில் ரத்த அழுத்தம் சற்று அதிகமாக இறங்கலாம். இதய அறுவையில் இதயம் திணறலாம். கிருமி தொற்றினால்கூடக் காய்ச்சல் அடிக்காமல் மருத்துவரை ஏமாற்றலாம். இவை தெரிந்தால் சமாளிக்கலாம்.

அத்தையின் பிரச்சினை இதற்கு நேர் எதிர். அவருக்குக் கிரேவ்ஸ் நோய். சுரப்பு ஏகத்துக்கு அதிகம். கதையின் பயங்கரமான பாதி அங்கேதான் இருக்கிறது.

5

கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, இதயம் படபடக்கும் இந்த நோயை 1835இல் டப்ளினில் ராபர்ட் கிரேவ்ஸும், 1840இல் ஜெர்மனியில் கார்ல் பாசெடோவும் தனித்தனியே விவரித்தார்கள். கோக்கரின் வெற்றிக்குப் பிறகு, இவர்களுக்கும் தைராய்டைக் குறைத்தால் என்ன என்று அறுவை மருத்துவர்கள் துணிந்தார்கள்.

அப்போது அவர்கள் பார்த்தது இது. அறுவை பிரமாதமாக முடியும். ரத்தப்போக்கு இல்லை. நோயாளி கண் விழித்துப் பேசுவார். அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல் ஏறும். நாடி 150, 160 என்று எண்ண முடியாத வேகத்துக்குப் போகும். வியர்வை கொட்டும். பிதற்றல். கட்டிலில் கட்டி வைக்க வேண்டிய அளவுக்குத் துடிப்பு. இரண்டாம் நாள் மரணம். காயத்தைத் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

தைராய்டு புயல் என்று இதற்குப் பெயர். பொருத்தமான பெயர்தான். கரையில் எல்லாம் அமைதியாக இருக்கும்போது கிளம்பி வரும்.

சுரப்பியைக் கையால் பிசைவதால் ஹார்மோன் ரத்தத்தில் கொட்டிவிடுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் புயல் அடிக்கும் நோயாளியின் ரத்தத்தில் ஹார்மோன், புயல் அடிக்காத கிரேவ்ஸ் நோயாளியைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு. அறுவை, வலி, தொற்று, பயம் என்று எந்த ஒரு தள்ளலும் அதைக் கவிழ்க்கப் போதும். அதனால்தான் எண்ணை மட்டும் வைத்து, இவருக்குப் புயல் வரும், இவருக்கு வராது என்று அடித்துச் சொல்ல முடிவதில்லை.

புயலைத் தவிர்க்க ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். கோக்கரும், அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் தவணை முறைக்குப் போனார்கள். முதலில் ஒரு ரத்தக் குழாயை மட்டும் கட்டுவது. நோயாளி வீட்டுக்குப் போய்த் தேறி வருவார். அடுத்து இன்னொரு குழாய். பிறகு பாதிச் சுரப்பி. பிறகு மீதி. ஒரே நோய்க்கு மூன்று முறை, நான்கு முறை கத்தி. மெல்போர்னில் தாமஸ் டன்ஹில் 1907 முதல் முழு மயக்கமே கொடுக்காமல், கழுத்தை மட்டும் மரக்கவைத்து அறுத்தார். இதயம் திணறிக்கொண்டிருந்தவர்களையும் அவர் ஒதுக்கவில்லை. இதயத்தைக் கெடுப்பதே தைராய்டுதான் என்றால், இதயம் கெட்டிருக்கிறது என்று சொல்லி அறுவையைத் தள்ளிப்போடுவதில் என்ன அர்த்தம் என்பது அவர் கட்சி. அத்தையின் கேள்வியேதான்.

எல்லோரையும்விட விசித்திரமான வழி ஜார்ஜ் கிரைலுடையது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த அவர், பயம்தான் நோயாளியைக் கொல்கிறது என்று முடிவு கட்டினார். ஆகவே நோயாளிக்குப் பயப்பட நாளே கொடுக்கக் கூடாது. நோயாளி வார்டில் படுத்திருப்பார். தினமும் காலையில் செவிலியர் வந்து முகத்தில் மூடியை வைத்து ஏதோ ஒன்றை முகரவைப்பார். சிகிச்சை என்று சொல்வார்கள். வெறும் பாவனைதான். நாலு நாள், ஐந்து நாள் இப்படிப் பழகிவிடும். ஒரு நாள் காலையில் அதே மூடியில் உண்மையான நைட்ரஸ் ஆக்ஸைடு வரும். விழிக்கும்போது கழுத்தில் கட்டு இருக்கும். தைராய்டைத் திருடுவது என்றே இதைச் சொன்னார்கள்.

இன்றைக்குப் படித்தால் உடம்பு கூசுகிறது. தன் கழுத்து எந்த நாளில் அறுபடும் என்று தெரிந்துகொள்ளும் உரிமைகூட இல்லையா? ஆனால் அவருடைய நோயாளிகள் மற்றவர்களுடைய நோயாளிகளைவிட அதிகம் பிழைத்தார்கள். அட்ரினலின் பற்றிய அவருடைய உள்ளுணர்வில் பாதி சரி. மீதிப் பாதி அவரை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது. பிற்காலத்தில் பலவித நோய்களுக்கும் அட்ரினல் சுரப்பியின் நரம்புகளை அறுக்கும் அளவுக்குப் போனார். ஒரு தடவை பலித்த கொள்கையை விட்டு வெளியே வருவது யாருக்கும் லேசு இல்லை.

6

புயலை உண்மையில் அடக்கியது ஒரு பாட்டில் பழுப்புத் திரவம்.

1811இல் பிரான்சில் கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயோடின் கண்டுபிடிக்கப்பட்டது. 1820இல் ஜெனீவாவில் குவாண்டே என்ற மருத்துவர் அதைக் கழலைக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பலருக்குக் கழலை சுருங்கியது. சிலருக்குப் படபடப்பும் எடை இழப்பும் வந்தன. அயோடின் கிடைக்காமல் காய்ந்துகிடந்த சுரப்பி, கிடைத்ததும் கட்டுக்கடங்காமல் ஹார்மோனை உற்பத்தி செய்தது. அதிலிருந்து கிரேவ்ஸ் நோயாளிக்கு அயோடின் விஷம் என்பது பாடமாகிவிட்டது. கோக்கரும் அதைக் கடுமையாக எச்சரித்தவர்.

இதற்கு நடுவில் 1860களில் பாரிஸில் ஒரு கைப்பிழை. அர்மாண்ட் த்ரூசோ என்ற பேர்பெற்ற மருத்துவர், நாடி 150ஐத் தொட்டிருந்த ஒரு இளம்பெண்ணுக்கு டிஜிட்டாலிஸ் எழுத நினைத்தார். மனதில் அயோடின் கூடாது, அயோடின் கூடாது என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்ததால் கை அயோடின் என்று எழுதிவிட்டது. இரண்டு வாரம் கழித்து வந்த பெண்ணின் நாடி 90. தப்பைக் கண்டுபிடித்த த்ரூசோ பதறிப்போய் மருந்தை டிஜிட்டாலிஸாக மாற்றினார். நாடி பழையபடி 150. மறுபடி அயோடினுக்கே திரும்பினார். இதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பாடப்புத்தகம் வேறு மாதிரி சொல்லும்போது ஒரு நோயாளியின் கதைக்கு என்ன மதிப்பு!

அறுபது வருடம் போனது. 1922இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில், மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் கிரேவ்ஸ் நோயாளிகளுக்கு அறுவைக்கு முந்தைய சில நாட்கள் லூகோல் கரைசல் கொடுக்கத் தொடங்கினார். அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த சொட்டு மருந்து. விளைவு உடனே தெரிந்தது. நாடி இறங்கியது, நடுக்கம் குறைந்தது, எடை ஏறியது. தவணை தவணையாக அறுப்பது கிட்டத்தட்ட நின்றே போனது. அறுவை மரணம் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. சுவிட்சர்லாந்தில் சமையல் உப்பில் அயோடின் கலக்க ஆரம்பித்ததும் அதே 1922இல்தான்.

பிளம்மர் சொன்ன காரணமும் தவறு. கிரேவ்ஸ் நோயில் தைராய்டு அயோடின் போதாத அரைகுறை ஹார்மோனைச் சுரக்கிறது, அயோடின் கொடுத்தால் அது முழுமையடைந்துவிடும் என்று அவர் நினைத்தார். அப்படி எதுவும் கிடையாது. அதிக அளவில் அயோடின் வந்து சேரும்போது தைராய்டு மிரண்டுபோய்க் கொஞ்ச நாள் உற்பத்தியையும் வெளியேற்றத்தையும் நிறுத்திவைக்கிறது. 1948இல் உல்ஃப், சைகாஃப் என்ற இருவர் எலிகளில் இதைக் காட்டினார்கள். கூடவே அயோடின் சுரப்பியின் ரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. ரத்தத்தில் ஊறிய பஞ்சு மாதிரி இருந்த சுரப்பி கெட்டிப்படுகிறது. அறுப்பவருக்கு அது பெரிய வரம்.

ஆனால் இந்த வரத்துக்குக் காலக்கெடு உண்டு. பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குள் சுரப்பி சமாளித்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிடும், அதுவும் கைநிறைய அயோடினோடு. அதனால் சொட்டு மருந்தை ஆரம்பித்துவிட்டால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.

7

நின்று நிதானிக்க நேரம் கொடுத்தது மாத்திரை. 1940களின் தொடக்கத்தில் பால்டிமோரில் வேறு ஆராய்ச்சிகளுக்காக எலிகளுக்குச் சில ரசாயனங்களைக் கொடுத்தவர்கள், எலிகளின் தைராய்டு வீங்குவதைக் கவனித்தார்கள். வீக்கம் இருந்தது, சுரப்பு இல்லை. இதைப் பிடித்துக்கொண்ட பாஸ்டன் மருத்துவர் எட்வின் ஆஸ்ட்வுட், 1943இல் தையோயுராசிலை மனிதர்களுக்குக் கொடுத்து வெற்றி கண்டார். அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான் அத்தை நிறுத்திய கார்பிமசோல் முதலான மாத்திரைகள்.

இந்த மாத்திரை உற்பத்தியை நிறுத்துகிறது. ஆனால் தைராய்டு மற்ற சுரப்பிகளைப் போல அன்றாடங்காய்ச்சி இல்லை. பெரிய குடோன் வைத்திருக்கும். பல வாரத்துக்கான சரக்கு உள்ளே இருக்கும். ரத்தத்தில் போய்விட்ட தைராக்ஸினும் சட்டென்று கரையாது. பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். மில்லை மூடினாலும் குடோன் காலியாகும்வரை கடைக்குச் சரக்கு வந்துகொண்டுதான் இருக்கும். ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னதன் கணக்கு இதுதான்.

1960களில் புரோப்ரனலால் வந்தது. அது ஹார்மோனைக் குறைக்காது. ஹார்மோன் இதயத்தைப் போட்டு விரட்டுவதைத் தடுக்கும். 1970களில் சில மருத்துவர்கள் இந்த ஒரு மருந்தை மட்டும் நம்பியே அறுவை செய்தார்கள். பெரும்பாலும் பிழைத்தார்கள். கிரைல் நாடகம் போட்டுச் செய்த வேலையில் ஒரு பங்கை ஒரு மாத்திரை செய்தது, பொய் சொல்லாமலே.

அப்படியானால் இன்றைக்கு, ஹார்மோன் தாறுமாறாக இருக்கும்போதே தைராய்டை அறுக்கலாமா? அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்வது: முடிந்தவரை முதலில் சரிசெய்யுங்கள், கடைசி நாட்களில் அயோடின் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால், அல்லது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இதயத்தைக் காக்கும் மாத்திரை, அயோடின், ஸ்டீராய்டு, குடலில் ஹார்மோனைப் பிடித்து வெளியேற்றும் கொலஸ்டிரமின் என்று எல்லா அரணையும் கட்டிவிட்டுப் போங்கள். அண்மை ஆண்டுகளில் சில பெரிய மையங்கள், எண்கள் சரியாகாத நிலையிலேயே அறுவை செய்த நோயாளிகளின் கணக்கைப் பார்த்து, கைதேர்ந்த குழுவிடம் புயல் மிக அரிது என்று எழுதியிருக்கின்றன. ஆனால் அவர்கள் ஆயத்தமே இல்லாமல் அறுத்தவர்கள் அல்ல. புயல் வந்தால் அடையாளம் காணத் தெரிந்த மயக்கவியல் மருத்துவரும், தீவிர சிகிச்சைப் பிரிவும் பக்கத்தில் இருந்தன.

காத்திருக்கவே கூடாதவர்களும் உண்டு. இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் மாத்திரையில் அயோடின் ஏராளம். சிலருக்கு அது தைராய்டைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே பலவீனமான இதயம், அதன்மேல் சவாரி செய்யும் தைராய்டு. எந்த மாத்திரையும் கேட்கவில்லை என்றால் ஒவ்வொரு நாள் தாமதமும் இதயத்தைத் தின்னும். அவர்களுக்கு ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்போதே தைராய்டை எடுத்துவிடுவதுதான் உயிர் காக்கிற வழி. டன்ஹில் நூறு வருடத்துக்கு முன்னால் சொன்னது இவர்கள் விஷயத்தில் சரி.

இதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கும் எண் மட்டும் முடிவு செய்வதில்லை. எத்தனை நாள் காத்திருக்க இந்த மனிதரால் முடியும் என்ற கேள்வியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அத்தையால் ஆறு வாரம் காத்திருக்க முடியும். அதனால் காத்திருக்கச் சொன்னார்கள்.

8

அத்தையின் கேள்விக்கு இப்போது பதில் சொன்னேன். “அத்தை, சுரப்பி நல்லாகறதுக்காகக் காத்திருக்கல. நீங்க நல்லாகறதுக்காகக் காத்திருக்கோம்.”

“பேச்சுல மட்டும் கொறச்சலில்ல” என்றார். ஆனால் மாத்திரையை விடவில்லை. நான்காவது வாரத்தில் விரல் நடுக்கம் நின்றது. ஆறாவது வாரத்துச் சோதனையில் டி4 சரியாக இருந்தது. டி.எஸ்.எச் இன்னும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அத்தை பயந்துபோய் மறுபடி தள்ளிப்போடுவார்களோ என்று கேட்டார். டி.எஸ்.எச் மட்டும் எழுந்து வர மாதக்கணக்கில் ஆகும், அதற்காக நிற்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னார்.

கடைசிப் பத்து நாள் பழுப்புச் சொட்டு மருந்து. பழரசத்தில் கலந்து குடிக்க வேண்டும். “துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு” என்று தினமும் முகத்தைச் சுளித்தார். கை தவறி எழுதிய த்ரூசோ, தப்பான காரணத்துக்காகச் சரியான மருந்தைக் கொடுத்த பிளம்மர் எல்லோரும் அந்த டம்ளருக்குள் இருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அப்புறம் குடிக்காமல் போய்விடுவார்.

அறுவை நடந்தது. இரண்டு இரவும் நாடி 80ஐத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். முழுத் தைராய்டையும் எடுத்துவிட்டார்கள். கோக்கர் இனிச் செய்வதில்லை என்று முடிவு செய்த அதே அறுவை. இன்றைக்கு அதைத் தைரியமாகச் செய்ய முடிவதற்குக் காரணம், தினமும் காலையில் வெறும் வயிற்றில் அத்தை போடுகிற சின்ன வெள்ளை மாத்திரை. அதற்கு ஆடு வேண்டாம். ஒரு பாட்டில் நூறு மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது.

அந்த 11 வயதுச் சிறுமிக்கு அது கிடைக்கவில்லை. மர்ரேயின் ஊசி வந்த வருடம் அவளுக்கு வயது 28 ஆகியிருக்கும். வளர்ந்திருக்க வேண்டிய வருடங்கள் அதற்குள் முடிந்துவிட்டன. அத்தை மாத்திரை போட மறந்த நாளில் மாமா சத்தம் போடும்போதெல்லாம், எனக்கு அந்த இரண்டாவது படம்தான் ஞாபகம் வருகிறது. தங்கையின் தோள் அளவுக்குக்கூட வராமல் பக்கத்தில் நிற்கும் அக்கா.